யார் கொடுத்த பால்? மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தமிழ்நாடு மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம். நான் சீர்காழிப் பக்கத்துக்காரி. இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். என் பாலை இன்னொருத்தியின் பிள்ளை குடித்திருக்கிறது. முகம் தெரியாத ஒருத்தியின் பாலைக் குடித்து என் பிள்ளை பிழைத்திருக்கிறது. இந்த இரண்டையும் நான் நெருங்கிய உறவுகளிடம்கூட வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லாமல் இருந்தது தப்பு என்று இப்போது தோன்றுவதால் உங்களுக்கு எழுதுகிறேன். எல்லாரும் படிக்கட்டும் என்றுதான் திறந்த மடலாக எழுதுகிறேன்.

2018, ஆடி மாதம். எனக்கு முதல் பிரசவம், சிசேரியன். ஓர் அரசு மருத்துவமனையின் பிரசவ வார்டில் மூன்றாம் நாள் இரவு. பால் நன்றாக இறங்கி மார்பு கல்லாகக் கட்டிக்கொண்டு வலித்தது. பக்கத்துக் கட்டில் பெண்ணுக்கு இருபது வயது இருக்கலாம். அன்று சாயங்காலம் ரத்த அழுத்தம் ஏறி வலிப்பு வந்துவிட்டது. அவளைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். குழந்தை அவள் மாமியார் மடியில் இருந்தது. ராத்திரி ஒரு மணிக்கு அது அழ ஆரம்பித்தது. முதலில் வீரிட்டு அழுதது, அப்புறம் தேம்பியது, அப்புறம் பூனைக்குட்டி மாதிரி முனகத் தொடங்கியது. பணியில் இருந்தது ஒரே ஒரு செவிலியர். அவர் கையில் அந்த நேரம் இரண்டு பிரசவம். “பவுடர் பால் வாங்கிட்டு வாங்க” என்று சொல்லிவிட்டு ஓடினார். வாசலில் இருந்த மருந்துக்கடை அடைத்திருந்தது.

என் அம்மாதான் சொன்னார்: “நம்ம பிள்ளை வயிறு நிறைஞ்சு தூங்குது. உனக்கோ கட்டிக்கிட்டு வலிக்குது. அந்தப் பிள்ளைக்கு ஒரு வாய் கொடேன்டி, தொண்டை வறண்டு போச்சு அதுக்கு.”

நான் சரி என்றேன். அம்மா எழுந்துபோய் அந்தப் பாட்டியிடம் கேட்டார். பாட்டி என்னைப் பார்த்தார். என் அம்மாவைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்: “நீங்க என்ன ஆளுங்க?”

அம்மா சொன்னார். பாட்டி மறுபேச்சு பேசாமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வராந்தாவுக்குப் போய்விட்டார்.

முக்கால் மணி நேரம் போயிருக்கும். வராந்தாவிலிருந்து சத்தமே வரவில்லை. அழுகை நின்றுபோனதுதான் எங்களுக்கு அதிக பயமாக இருந்தது. கடைசியில் பாட்டி அவராகவே திரும்பி வந்தார். யார் முகத்தையும் பார்க்காமல் குழந்தையை என் பக்கத்தில் கிடத்தினார். அம்மா தன் புடவையைப் பிரித்துக் கட்டிலைச் சுற்றி மறைப்பாகப் பிடித்துக்கொண்டார். அந்தக் குழந்தை இரண்டு மூன்று முறை தடுமாறிவிட்டு, பிறகு கப்பென்று பிடித்துக்கொண்டது. என் பிள்ளையைவிட எடை கம்மி. காது மடலில் இன்னும் பூனைமயிர் இருந்தது. குடிக்கும்போது என் சுண்டுவிரலை இறுக்கிப் பிடித்திருந்தது.

பாதியில் செவிலியர் வந்துவிட்டார். எங்கள் எல்லாரையும் திட்டினார். “யாரைக் கேட்டுக் கொடுத்தே? உனக்கு ஏதாச்சும் நோய் இருந்தா யாரு பதில் சொல்றது? என் வேலை போயிரும்மா.” குழந்தையைப் பிடுங்கிப் பாட்டியிடம் கொடுத்தார். அது மறுபடி அழுதது. விடிந்து கடை திறந்ததும் டின் பால் வந்தது.

அந்தச் செவிலியர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் கேட்ட கேள்வி நியாயமான கேள்வி. ஆனால் அதற்கான பதில் என் கட்டில் காலில் தொங்கிய கோப்பிலேயே இருந்தது. கர்ப்பமாக இருந்தபோது நம்பிக்கை மையத்தில் எடுத்த எச்.ஐ.வி. பரிசோதனை, ஹெபடைடிஸ் பி பரிசோதனை, மேகநோய்ப் பரிசோதனை, மூன்றின் முடிவும் அதில் ஒட்டியிருந்தன. உங்கள் துறை தமிழ்நாட்டின் ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் பணம் வாங்காமல் செய்துவைக்கிற பரிசோதனைகள் அவை. யாரும் அந்தக் கோப்பைத் திறந்து பார்க்கவில்லை. பார்த்துவிட்டு என்ன முடிவெடுப்பது என்று அவருக்கு எழுத்தில் யாரும் சொல்லிவைக்கவும் இல்லை.

அன்றைக்கு அந்த வார்டில் இரண்டு கேள்விகள் கேட்கப்பட்டன. என்ன ஆளுங்க என்பது ஒன்று, நோய் இருக்கிறதா என்பது இன்னொன்று. கேட்கவே கூடாத கேள்வி முதலில் கேட்கப்பட்டு, அதற்குப் பதிலும் சொல்லப்பட்டு, அதற்காக ஒரு பச்சைப்பிள்ளை முக்கால் மணி நேரம் பட்டினி கிடந்தது. கேட்டே ஆகவேண்டிய கேள்வி கடைசியில் வந்தது, அதுவும் பதில் தேடுவதற்காக இல்லாமல் மிரட்டுவதற்காக வந்தது. எட்டு வருடமாக என் மனத்தில் இதுதான் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

எங்கள் ஊர்க் கோயிலில் சித்திரை மாதம் திருமுலைப்பால் உற்சவம் நடக்கும். ஞானசம்பந்தர் மூன்று வயதில் குளக்கரையில் நின்று அழுததையும், உமையம்மை இறங்கிவந்து பொற்கிண்ணத்தில் பால் கொடுத்ததையும் கொண்டாடுகிற திருவிழா. சின்ன வயதில் அம்மா என்னைக் கூட்டிப்போவார். அந்தக் கதையில் பால் குடித்த உடனே என்ன நடக்கிறது என்று கவனித்துப் பாருங்கள். குளித்துவிட்டுக் கரையேறிய அப்பா, பிள்ளையின் வாயில் பால் வழிவதைப் பார்க்கிறார். கையில் குச்சியை ஓங்கிக்கொண்டு, யார் கொடுத்த பாலைக் குடித்தாய், எச்சில் கலக்கும்படி உனக்கு இதைக் கொடுத்தது யார் என்று அதட்டுகிறார். பிள்ளை பசியாறியதா என்று அவர் கேட்கவில்லை. ஆயிரம் வருடத்துக்கும் மேலான அந்தக் கதையில் வரும் அப்பாவின் கேள்வியைத்தான் அந்தப் பாட்டியும் அன்று கேட்டார். ஆனால் எங்கள் ஊர் கொண்டாடுவது பாலைக் கொடுத்தவளை. கிண்ணத்தில் கறந்து கொடுத்த பாலை.

நம் சனங்களுக்கு இது புதிதும் இல்லை. ஆறுமுகனுக்குக் கார்த்திகேயன் என்று பெயர் வந்ததே கார்த்திகைப் பெண்கள் ஆறு பேர் பால் கொடுத்து வளர்த்ததால்தான். மதுரைத் திருவிளையாடல்களில் தாயை இழந்த பன்றிக்குட்டிகளுக்குச் சிவன் தாய்ப்பன்றியாக வந்து பால் கொடுத்த கதை இருக்கிறது. செவிலித்தாய், முலைத்தாய் என்று தனித்தனிப் பெயர் வைத்திருக்கிற மொழி நம்முடையது. செவிலியின் மகள்தான் தலைவிக்குத் தோழி என்கிறது தொல்காப்பியம். இன்று மருத்துவமனையில் நர்ஸைச் செவிலியர் என்று கூப்பிடுகிறோமே, அந்தச் சொல் வந்த வழியும் இதுதான்.

என் சொந்த வீட்டுக் கதை ஒன்று சொல்கிறேன். நான் பிறந்தபோது அம்மாவுக்குப் பத்து நாள் கடுமையான காய்ச்சல். எனக்குப் பால் கொடுத்தது பெரியம்மா. அவருடைய மகனும் நானும் ஆளுக்கொரு பக்கம் குடித்தோம் என்று சொல்லிச் சிரிப்பார்கள். வீட்டில் யாரும் எதிர்க்கவில்லை. பெரியம்மா என்ற பேரிலேயே அம்மா இருக்கிறாளே. அவர் மகன் எப்படியும் எனக்கு அண்ணன்தான். ஆனால் அதே வீட்டில் அத்தை ஒருமுறை என் தம்பிக்குக் கொடுக்கப் போனபோது பாட்டி தடுத்துவிட்டார். அத்தைக்கு மகள் இருந்தாள். நாளைக்கு முறை செய்ய வேண்டிய பிள்ளைகள், ஒரே மார்பில் குடித்தால் முறை கெட்டுப்போகும் என்பது பாட்டியின் கணக்கு. ஆக, பகிர்ந்து கொடுப்பது தவறு என்று நம் குடும்பங்கள் நினைத்ததில்லை. பால் உறவை உண்டாக்கும் என்று நம்பினார்கள், அதனால் உறவு பார்த்துக் கொடுத்தார்கள். அந்த நம்பிக்கையைத்தான் பிற்பாடு சாதி தன் வேலிக்குள் இழுத்துக்கொண்டது.

இதோடு இன்னும் சில பேச்சுகள் உண்டு. பாலோடு குணமும் போகும் என்பார்கள். பிறந்த குழந்தைக்குச் சேனை வைக்கும்போது, தொட்டு வைத்தவர் குணம் பிள்ளைக்கு வரும் என்கிறோமே, அந்த மாதிரிதான். இன்னொருத்தி பிள்ளைக்குக் கொடுத்தால் நம் பிள்ளைக்கு வற்றிவிடும் என்பார்கள், கண்ணு படும் என்பார்கள். எல்லாவற்றுக்கும் பதில் சொல்ல நான் ஆள் இல்லை. ஆனால் வற்றும் என்பது மட்டும் உண்மைக்கு நேர் எதிர். பிள்ளை சப்பச் சப்பத்தான் உடம்பு மேலும் சுரக்கிறது. மணற்கேணி போல, இறைக்க இறைக்க ஊறும். எடுக்காமல் கட்டிக்கொள்ள விட்டால்தான் குறையும். இதை எனக்கு ஒரு கிராமச் செவிலியர் சொன்னார், அதுவும் இரண்டாவது பிரசவத்தின்போது. முதல் பிரசவத்துக்கு முன்பு எந்தப் பரிசோதனை நாளிலும் யாரும் சொல்லவில்லை.

அந்த இரண்டாவது பிரசவத்துக்கு வருகிறேன்.

2022-ல் என் மகள் எட்டாம் மாதம் ஆரம்பிக்கும்போதே பிறந்துவிட்டாள். எடை 1,280 கிராம். வேறு ஊரில் ஒரு பெரிய அரசு மருத்துவமனையில், இன்குபேட்டர் பெட்டியில் வைத்திருந்தார்கள். எனக்குப் பால் வரவில்லை. அறுவை, ரத்தப்போக்கு, பயம், பிள்ளையை மடியில் வைக்கவே முடியாத நிலை. மருத்துவர் வந்து, இவ்வளவு சின்னக் குழந்தைக்குப் பவுடர் பால் கொடுத்தால் குடல் அழற்சி வரும் ஆபத்து கூடுதல், தாய்ப்பால் வங்கியிலிருந்து வாங்கித் தரலாமா என்று கேட்டார். நான் உடனே தலையாட்டினேன். என் மாமியார் முகம் சுருங்கியது. “யாரோட பாலோ...” என்று முணுமுணுத்தார். அவரும் மோசமானவர் இல்லை. மறுநாளே வங்கி அறை வாசலில் நின்று, பாலை எப்படிக் கொதிக்க வைக்கிறார்கள் என்று விசாரித்துக்கொண்டு வந்தார்.

கொதிக்க வைப்பதில்லை. கொடுக்க வரும் தாயிடம் முதலில் உடல்நலம் விசாரிக்கிறார்கள், ரத்தப் பரிசோதனை பார்க்கிறார்கள். கறந்த பாலை 62.5 டிகிரி சூட்டில் 30 நிமிடம் வைத்து உடனே குளிரவைக்கிறார்கள். கிருமி இருக்கிறதா என்று சோதித்துவிட்டு மைனஸ் 20 டிகிரியில் உறைய வைக்கிறார்கள். எச்.ஐ.வி. உட்படப் பல வைரஸ்கள் அந்தச் சூட்டில் செத்துவிடும். பாலின் நோய் எதிர்ப்புச் சக்தியில் கொஞ்சம் குறையும், ஆனால் பெரும்பகுதி மிஞ்சும். என் மகளுக்கு முதல் நாள் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை 2 மில்லி, மூக்குக் குழாய் வழியாக. 2 மில்லி என்பது அரைத் தேக்கரண்டிகூட இல்லை. அதற்காக ஒருத்தி எங்கேயோ உட்கார்ந்து கறந்து கொடுத்திருக்கிறாள். ஒன்பது நாள் அவளுடைய பால். பத்தாம் நாள் எனக்கு இறங்கியது. பால் புகட்டும் பாலாடையில் என் பாலை முதன்முதலாக ஊற்றியபோது மகள் 1,310 கிராம் இருந்தாள். வீட்டுக்கு வரும் முன்பு நானும் அந்த வங்கிக்குக் கொடுத்தேன்.

ஊருக்கு வந்ததும் மாமியார் ஒரே ஒரு வேண்டுகோள் வைத்தார்: இதை யாரிடமும் சொல்லாதே. நானும் சொல்லவில்லை. வங்கியில் எனக்கு முன்னால் வரிசையில் உட்கார்ந்திருந்த பெண்ணும் அப்படித்தான் சொன்னாள். ஸ்கேன் எடுக்கப் போகிறேன் என்று வீட்டில் பொய் சொல்லிவிட்டு வந்து பால் கொடுத்துவிட்டுப் போகிறாளாம். ரத்தம் கொடுத்தவனை மாலை போட்டுப் படம் எடுக்கிறோம். பால் கொடுத்தவள் பொய் சொல்ல வேண்டியிருக்கிறது. அரசு மருத்துவமனை வங்கிக்கு 300 லிட்டருக்கு மேல் கொடுத்த ஒரு தாயைப் பற்றிச் செய்தித்தாளில் படித்தபோது நான் அழுதுவிட்டேன். அவர் பெயரோடு வெளியே வந்தாரே என்பதற்காக.

வெளியே வந்தால் என்ன ஆகும் என்பதையும் பார்த்திருக்கிறோம். 2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் மலை சரிந்து, தாயை இழந்த பச்சைக்குழந்தைகள் முகாம்களில் இருந்தபோது, இடுக்கியிலிருந்து ஒரு தம்பதி கிளம்பிப் போனார்கள். அந்தத் தாய்க்கே கைக்குழந்தை இருந்தது. மற்றக் குழந்தைகளுக்கும் பால் கொடுக்கத் தயார் என்றார். நாடே கையெடுத்துக் கும்பிட்டது. அதே செய்திக்குக் கீழே ஆபாசமாக எழுதியவர்களும் இருந்தார்கள், கேரளக் காவல்துறை கைதும் செய்தது. இதற்கு இரண்டு வருடம் முன்பு, 2022-ல், கோழிக்கோட்டில் தாயிடமிருந்து பிரிக்கப்பட்ட 12 நாள் குழந்தையை மீட்டபோது, பசியில் சோர்ந்து கிடந்த அதற்கு ஒரு பெண் காவலர் பால் கொடுத்தார். அவர் மகப்பேறு விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பியிருந்தவர். காவல்துறை அவரை அழைத்துப் பாராட்டியது. பக்கத்து மாநிலத்தில் ஓர் அரசுத் துறை, அது ஒரு தாயின் நல்ல செயல் என்று பகிரங்கமாகச் சொன்னது. நம் துறையிடமிருந்து அந்தக் குரலைத்தான் எதிர்பார்க்கிறேன்.

உங்கள் துறை ஒன்றும் செய்யவில்லை என்று சொன்னால் நான் நன்றி கெட்டவள். 2015 ஆகஸ்டில் தாய்ப்பால் வாரத்தையொட்டிப் பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகளும், ஏழு அரசு மருத்துவமனைகளில் தாய்ப்பால் வங்கிகளும் இந்த மாநிலத்தில் திறக்கப்பட்டன. மும்பை சயான் மருத்துவமனையில் 1989-ல் டாக்டர் ஆர்மிடா பெர்னாண்டஸ் தொடங்கியதுதான் ஆசியாவின் முதல் வங்கி என்பார்கள். அதை மாவட்டங்களுக்குக் கொண்டுவந்த மாநிலங்களில் நாம் முன்வரிசையில் இருக்கிறோம். என் மகள் அதற்குச் சாட்சி.

ஆனால் 2018-ல் நான் படுத்திருந்த மாதிரி மருத்துவமனைக்கு வங்கி வராது. 2017-ல் மத்திய சுகாதார அமைச்சகம் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளின்படியே, தானப்பால் வாங்கிப் பதப்படுத்தும் முழு மையம் பெரிய மருத்துவமனைகளுக்குத்தான். சிறிய இடங்களில், பெற்ற தாயின் பாலைக் கறந்து அவள் பிள்ளைக்கே கொடுக்கும் பிரிவு மட்டும். தாய் வலிப்பில் கிடந்தால், தாய் இறந்துபோனால், தாய் பிள்ளையை விட்டுவிட்டுப் போனால், அந்தப் பிரிவு என்ன செய்யும்? அந்த இடைவெளியில்தான் ராத்திரி இரண்டு மணிக்கு, புடவை மறைப்புக்குப் பின்னால், பக்கத்துக் கட்டில்காரி கொடுக்கிறாள். தமிழ்நாட்டின் எந்தப் பிரசவ வார்டிலும் பத்து வருடம் வேலை பார்த்த ஓர் ஆயாவைத் தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள், சொல்வார். நடக்கிறது. ஒளிந்து நடப்பதால் பரிசோதனை இல்லாமல் நடக்கிறது. எனக்கு இதில் உள்ள பயம் அதுதான்.

ஆபத்து இல்லை என்று நான் சொல்லவில்லை. எச்.ஐ.வி. தாய்ப்பால் வழியாகப் பரவும். கர்ப்பத்தின் தொடக்கத்தில் எடுத்த ஒரே பரிசோதனை போதாது, பிறகு தொற்றியிருக்கலாம். தாய் சாப்பிடும் சில மருந்துகள் பாலில் இறங்கும். புகையிலை போடும் பழக்கம், காம்பு வெடித்து ரத்தம் கசிவது, காய்ச்சல் எல்லாம் பார்க்க வேண்டும். அவளுடைய சொந்தப் பிள்ளைக்குப் போக மிச்சம் இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். முதல் இரண்டு மூன்று நாள் சுரக்கும் சீம்பால் கொஞ்சம்தான், அது அவள் பிள்ளைக்கே. இவ்வளவையும் பார்க்கத் தெரிந்தவர்கள் வார்டில்தான் இருக்கிறார்கள். அவர்கள் கையில் ஒரு தாள் இல்லை.

உலக சுகாதார நிறுவனம் 2003-ல் வெளியிட்ட குழந்தை உணவு பற்றிய உலக உத்தியில், பெற்றவளிடம் குடிக்க முடியாத குழந்தைக்கு என்னென்ன வழி என்று சொல்லியிருக்கிறது. தாய் கறந்து கொடுத்த பால், நலமாக உள்ள வேறொரு தாயின் பால் அல்லது வங்கிப் பால், கிண்ணத்தில் கொடுக்கும் மாற்றுப் பால். இதில் எது என்பதை அந்தந்தச் சூழ்நிலைக்கு ஏற்ப முடிவெடுக்கச் சொல்கிறது. நலமாக உள்ள வேறொரு தாய் என்ற வழியை அவர்கள் மூடவில்லை. நம் வார்டுகளில் அது மூடியும் இல்லை, திறந்தும் இல்லை. நான் பேசிப் பார்த்த செவிலியர்கள் யாருக்கும் இதைப் பற்றி ஓர் எழுத்து உத்தரவு கையில் இருந்ததில்லை.

அதனால் நான் முதலில் கேட்பது அந்த எழுத்துதான். ஒரு பக்கம் போதும். எந்தச் சூழ்நிலையில், எந்தப் பரிசோதனை எத்தனை நாளுக்குள் எடுத்திருந்தால், யார் சம்மதத்தோடு, எந்த மருத்துவரிடம் போனில் கேட்டுவிட்டு, எத்தனை வேளைக்குக் கொடுக்கலாம், எப்போது கூடவே கூடாது என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். குழந்தை மருத்துவர்கள் உட்கார்ந்து முடிவு செய்யட்டும். யோசித்துவிட்டு, நேரடியாகப் பால் கொடுக்கவே வேண்டாம் என்று அவர்கள் முடிவெடுத்தால், அதையும் ஏற்றுக்கொள்கிறேன். அப்படியானால் ராத்திரி இரண்டு மணிக்கு அந்தக் குழந்தைக்கு என்ன கொடுப்பது என்பதையும் அதே தாளில் எழுதுங்கள். திட்டு வாங்கியதோடு விஷயம் முடிந்துவிடக் கூடாது.

இதற்கு உதவியாக, பெரிய வங்கியில் பதப்படுத்தி உறைய வைத்த பாலில் கொஞ்சம் தாலுகா மருத்துவமனைகளின் உறைபெட்டியிலும் இருக்க வேண்டும். தடுப்பூசியைக் குளிர்ச்சி கெடாமல் கடைசிக் கிராமம்வரை கொண்டுபோகிற துறை நீங்கள். பிரசவித்த தாயையும் பிள்ளையையும் வீட்டில் கொண்டுபோய் விடும் 102 தாய் சேய் ஊர்தி திரும்பி வரும்போது காலியாகத்தான் வருகிறது. வழியில் கொடுக்க விரும்பும் தாய்மார்களிடம் பாலை வாங்கிக் குளிர்ப்பெட்டியில் வைத்துக்கொண்டு வரலாம் அல்லவா? பிரேசிலில் தீயணைப்பு வீரர்கள் வீடு வீடாகப் போய்த் தாய்ப்பால் வாங்கி வருகிறார்கள், 200-க்கும் மேற்பட்ட வங்கிகள் அங்கே இருக்கின்றன. வீட்டிலேயே வந்து வாங்கினால், ஸ்கேன் எடுக்கப் போவதாகப் பொய் சொல்ல வேண்டியிருக்காது. அரசு வண்டி வாசலில் வந்து நிற்கும்போது, அது கௌரவமான காரியம் என்று தெருவுக்கே தெரியும். மாமியார்களின் மனம் மாற அதைவிடப் பெரிய பிரசாரம் எனக்குத் தோன்றவில்லை.

ஜாதி விஷயத்தில் உங்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன். வங்கிப் பாலுக்கும் சரி, வார்டில் கொடுப்பதற்கும் சரி, கொடுத்தவள் என்ன ஆள் என்று யார் கேட்டாலும் பதில் சொல்லக் கூடாது என்று பணியாளர்களுக்கு எழுத்தில் சொல்லுங்கள். கேட்கிற குடும்பத்திடம், அந்தக் கேள்விக்கு இங்கே இடமில்லை என்று சொல்லும் தைரியம் ஒரு ராத்திரி நேரச் செவிலியருக்குத் துறையிடமிருந்துதான் வர முடியும்.

ஆனால் யார் கொடுத்தது என்று கேட்கும் எல்லாரும் ஜாதிக்காகக் கேட்பதில்லை. பெரிய மருத்துவமனையில் என் பக்கத்துப் பெட்டியில் இருந்த குழந்தையின் தாய் ஒரு முஸ்லிம் அக்கா. வங்கிப் பால் வேண்டாம் என்று அழுதுகொண்டே மறுத்துவிட்டார். பிடிவாதம் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம் அவரே விளக்கினார். அவர்கள் மார்க்கத்தில் ஒருத்தி பால் கொடுத்தால் அவள் பால்குடித் தாய். அவள் பிள்ளைகள் உடன்பிறந்தவர்கள், திருமணம் கூடாது. குர்ஆனிலேயே இருக்கிறது. நபிகளுக்கே ஹலீமா என்ற தாய் பால் கொடுத்து வளர்த்திருக்கிறார், அது அவர்களுக்கு மிக உயர்ந்த உறவு. அந்த அக்காவுக்குப் பால்மீது அருவருப்பு இல்லை. கொடுத்தவள் யார் என்று தெரியாமல் போனால் நாளைக்குத் தெரியாமலே தவறு நடந்துவிடுமோ என்ற கவலை. 2024-ல் கராச்சியில் திறந்த தாய்ப்பால் வங்கி இந்தக் கேள்வியில்தான் சில நாட்களிலேயே நிறுத்தப்பட்டது. முஸ்லிம்களிலேயே வங்கிப் பால் கூடும் என்று சொல்லும் அறிஞர்களும் இருக்கிறார்கள். ஆகவே நம் ஜமாத்துகளோடும் உலமாக்களோடும் துறை முன்கூட்டியே உட்கார்ந்து பேச வேண்டும். இரு தரப்பும் சம்மதித்தால், கொடுத்த தாயின் விவரத்தைக் குறித்து அந்தக் குடும்பத்துக்கு மட்டும் கொடுக்க முடியுமா என்று பாருங்கள். அந்த அக்கா என்னிடம், “உன் பாலா இருந்தா வாங்கிக்குவேன், உன்னைத் தெரியும்ல, நாளைக்கு என் மவனுக்கு நீயும் ஒரு உம்மா” என்றார். எனக்கு அப்போது பால் இல்லை. அவர் மகன் பவுடர் பாலில்தான் இருந்தான். அவன் என்ன ஆனான் என்று எனக்குத் தெரியாது. அவனைப் பெட்டி மாற்றி வேறு அறைக்குக் கொண்டுபோனார்கள். நான் போய் விசாரித்திருக்க வேண்டும். என் பிள்ளை கவலையில் அதைச் செய்யவில்லை.

இன்னொன்று, சுருக்கமாக. 2024-ல் சென்னை மாதவரத்தில் ஒரு கடையில் தாய்ப்பாலைப் பாட்டிலில் அடைத்து விற்றதாகப் பிடித்தார்கள். அதற்குச் சில நாள் முன்புதான், மே 24 அன்று, இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் தாய்ப்பாலை வணிகமாக்கக் கூடாது என்று அறிவித்திருந்தது. அந்தத் தடை கெட்டியாக இருக்க வேண்டும். பணம் நுழைந்தால் ஏழைத் தாய் தன் பிள்ளைக்குக் கொடுக்காமல் விற்பாள். அமெரிக்காவில் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த கறுப்பினத் தாய்மார்கள் தங்கள் பிள்ளைகளை அழவிட்டு முதலாளியின் பிள்ளைகளுக்குப் பால் கொடுத்த கதை நமக்குத் தெரியும். கொடுப்பவளின் பிள்ளை முதலில் வயிறு நிறைய வேண்டும். தானப்பால் இலவசமாகவே வர வேண்டும், இலவசமாகவே போக வேண்டும். தேவைப்படும் இடத்தில் அரசே அதைக் கொடுத்துவிட்டால் அந்தக் கடைக்கு வேலை இருக்காது.

கடைசியாக, கர்ப்பிணிகளுக்கு மாதப் பரிசோதனை நாட்களில் நடக்கும் வகுப்புகளைப் பற்றி. சீம்பாலைப் பற்றிச் சொல்கிறார்கள், ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் என்று சொல்கிறார்கள், நல்லது. அதோடு, உங்களுக்குப் பால் வராமல் போனால் இன்னொரு தாயின் பால் கிடைக்கும், உங்களுக்கு மிஞ்சினால் இன்னொரு பிள்ளைக்குக் கொடுக்கலாம் என்ற இரண்டு வாக்கியத்தைச் சேர்க்கச் சொல்லுங்கள். ஏழாம் மாதத்தில் காதில் விழுந்திருந்தால் பிரசவ வார்டில் அதிர்ச்சியாக இருக்காது. அன்றைக்கு மாமியாரும் அம்மாவும் கூட வந்தால் அவர்களையும் உட்கார வையுங்கள். வார்டில் முடிவெடுப்பது பெரும்பாலும் அவர்கள்தான்.

அந்த வகுப்புக்கு ஒரு தாய் வந்து தன் அனுபவத்தைச் சொன்னால் நன்றாக இருக்கும் என்று உங்கள் அலுவலர்கள் நினைத்தால், நான் வருகிறேன். எங்கள் வட்டாரத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பரிசோதனை நாள் செவ்வாய்க்கிழமை. மகளை அங்கன்வாடியில் விட்டுவிட்டுப் பத்து மணிக்கு வந்துவிட முடியும். என் மாமியாரிடம் இந்த மடலைப் படித்துக் காட்டினேன். தானும் கூட வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
சீர்காழி வட்டத்திலிருந்து,
இரண்டு பிள்ளைகளின் தாய்